454 கிராம் வாங்கலாமா என்று பார்க்க 11 கிண்ணம்

போன ஜூலையில் அலுவலக நண்பர் ஒருவர் ஒரு ஜிப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே 50 கிராம் பைப் புகையிலை, வெளிநாட்டிலிருந்து வந்த அவர் தம்பி கொண்டுவந்த மாதிரி. டின் கிடையாது, பெயரும் கிடையாது, கடையில் பெரிய ஜாடியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கும் சரக்கு. பையின் மேல் மார்க்கரில் வர்ஜீனியா, பர்லி, கருப்பு கேவண்டிஷ் என்று மட்டும் எழுதியிருந்தது. தம்பி செப்டம்பரில் மறுபடி வருகிறார், நன்றாக இருந்தால் ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம், வாங்கிவரச் சொல்ல வேண்டும். "அண்ணே, வாங்கலாமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

அன்று ராத்திரியே பெங்களூர் அல்சூர் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து ஒரு கிண்ணம், அதாவது பைப்பின் தலைக்குழி நிறைய ஒரு தடவை, பிடித்தேன். நாக்கு வெந்துபோனது. முதல் ஐந்து நிமிடம் வெனிலா, அப்புறம் சுடுதண்ணீர், கடைசியில் கசப்பு, குழாயில் களகளவென்று நீர். நோட்டில் 'வேண்டாம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். நண்பருக்குச் செய்தியும் தட்டிவிட்டேன், ஆனால் அனுப்பவில்லை. ஏனென்றால் அன்றைக்கு நான் செய்தது எல்லாமே தப்பு. வெளியே மழை, பையிலிருந்து எடுத்த இலையை அப்படியே அடைத்தேன், 40 நிமிடம் வரவேண்டிய கிண்ணத்தை 15 நிமிடத்தில் முடித்தேன், ஒன்பது தடவை தீ வைத்தேன். சோறு குழைந்ததற்கு அரிசியைக் குறை சொல்ல முடியாது. உலை, தண்ணீர், நேரம் மூன்றையும் சரியாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அரிசியைப் பற்றிப் பேச வேண்டும். அதனால் அந்தச் செய்தியை அழித்துவிட்டு, வாரம் இரண்டு கிண்ணம் என்று ஐந்து வாரம் ஒழுங்காகப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

இலைக்குள் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பைப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயில் வைத்து விட்டுவிடுகிறோம், அதனால் ஆபத்தில்லை என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது உண்மையில்லை. உதடு, நாக்கு, தொண்டை என்று புற்றுநோய் வரும் இடங்கள் அத்தனையும் அந்தப் புகை தொடும் இடங்கள்தான். வாரம் இரண்டுக்கு மேல் கிடையாது, பால்கனிக் கதவை மூடிக்கொண்டுதான் பிடிப்பது, மகள் வீட்டில் இருக்கும்போது கிடையவே கிடையாது என்பது நானும் மனைவியும் பேசி வைத்துக்கொண்டது. பழக்கம் இல்லாத யாரும் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம்.

சரி, முதல் வேலை ஈரம். பைப் புகையிலையில் ஈரம் 12, 13 சதவீதம் இருந்தால் நன்றாக எரியும். கடையிலிருந்து வருவது பெரும்பாலும் அதைவிட நனைந்துதான் வரும், இலை பொடியாகாமல் இருக்கவும் வாசனை நிற்கவும் அப்படி வைக்கிறார்கள். என் பையில் எவ்வளவு என்று தெரிய, சிக்பேட்டையில் வாங்கிய சின்ன நகைத் தராசில் 5.00 கிராம் நிறுத்து, பழைய தகரத் தட்டில் பரப்பி, ஓவனில் 100 டிகிரியில் மூன்று மணி நேரம் வைத்தேன். வெளியே வந்தது 3.95. அதாவது 21 சதவீதம் போய்விட்டது. அது முழுக்கத் தண்ணீர் என்று சொல்ல மாட்டேன், வாசனைச் சரக்கும், இலை காயாமல் இருக்கச் சேர்க்கும் புரொப்பிலின் கிளைக்காலும் அந்தச் சூட்டில் கொஞ்சம் பறக்கும். ஆனால் கணக்குப் போட இது போதும். 1.60 கிராம் இலை எடுத்தால் அதில் காய்ந்த சரக்கு 1.26. அதை 13 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால் 1.45 கிராம் காட்டும்வரை காயவிட வேண்டும், அவ்வளவுதான்.

பெங்களூர் மழைக்காலத்தில் அந்த 0.15 கிராமைப் போக்குவதுதான் பெரும்பாடு. மார்ச் மாதமாக இருந்தால் காகிதத்தில் பரப்பி வைத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் முறுகிவிடும், ஜூலையில் ஒரு மணி நேரம் வைத்தாலும் தராசு அசையவில்லை. மேசை விளக்கை ஒரு அடி உயரத்தில் வைத்து, 25 நிமிடம் புரட்டிப் புரட்டிக் கொடுத்த பிறகுதான் இறங்கியது. ஒரே அளவு இலையை 1.60, 1.50, 1.45, 1.40 என்று நான்கு பதத்தில் நான்கு நாள் பிடித்தேன், இந்த முறை 1.60-ஐயும் அவசரப்படாமல். வித்தியாசம் நான் நினைத்ததைவிடப் பெரிது. 1.60-ல் பொறுமையாகப் பிடித்தும் ஏழு தடவை தீ வைக்க வேண்டியிருந்தது, அடியில் எரியாமல் நின்ற ஈரக்கசடு மட்டும் 0.34 கிராம். 1.45-ல் ஐந்து தீ, கசடு 0.12. 1.40-ல் இன்னும் நன்றாக எரிந்தது, ஆனால் இனிப்பு மெலிந்து காகிதம் எரிகிற மாதிரி ஒரு வறட்சி வந்துவிட்டது. நாக்கு வேகிறது என்று நாம் சொல்வதில் பெரிய பங்கு நீராவிதான், ஈர இலையை எரிய வைக்க வேகவேகமாக இழுக்கிறோம், அது இன்னும் சூடாகிறது, இன்னும் ஆவி வருகிறது. 1.45-ல் நாக்கு வேகவே இல்லை. முதல் நாள் நான் எழுதிய குற்றச்சாட்டில் முக்கால்வாசி இந்த ஒரு வேலையிலேயே கழன்றுவிட்டது.

தராசு இல்லாதவர்கள் விரலால் பார்க்கலாம். ஒரு சிட்டிகை எடுத்து நன்றாக அழுத்தி விடுங்கள். கட்டியாகவே நின்றால் ஈரம், நொறுங்கினால் காய்ந்துவிட்டது, மெல்ல மெல்லத் தானே அவிழ்ந்தால் அதுதான் பதம்.

பைப்பைப் பற்றிச் சுருக்கமாக. என்னிடம் இரண்டு பிரையர் பைப் இருக்கிறது, ஆனால் புதுக் கலவையை அதில் சோதிப்பதில்லை. பிரையர் என்பது மத்தியதரைக்கடல் பக்கத்தில் வளரும் ஒரு ஹீத் மரத்தின் வேர்முண்டு. அது பழைய இலையின் வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். என் ஒரு பைப்பில் நான்கு வருடம் முன்பு பிடித்த லடாக்கியாவின், அதாவது விறகுப் புகையில் பதப்படுத்திய இலையின், கட்டைப்புகை இன்னும் லேசாக வருகிறது. சோதனைக்கு மக்காச்சோளத் தக்கையில் செய்த பைப்தான் சரி. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து வாஷிங்டன் என்கிற ஊரில் 1869-லிருந்து இதைச் செய்கிறார்கள். விலை குறைவு, இலைக்கு நடுவில் மூக்கை நுழைக்காது. கோவில்பட்டி மரத்தீக்குச்சி, கந்தகம் முழுக்க எரிந்து முடியும்வரை ஒரு நொடி பொறுத்து அப்புறம் இலைக்குக் காட்ட வேண்டும். முதல் தீ இலையை எழுப்பத்தான், அது பொங்கி மேலே வரும், லேசாக அமுக்கிவிட்டு இரண்டாவது தீ வைத்தால் நிற்கும். நேரம் எப்போதும் மாலை நான்கு மணி, அதற்கு முன் ஒரு மணி நேரம் காப்பி கிடையாது, பக்கத்தில் தண்ணீர் மட்டும். டிகாஷன் குடித்த நாக்கில் எந்த இலையும் ஒன்றுதான்.

சுவை பார்ப்பதற்கு நாக்கை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவோம். நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, கசப்பு மாதிரி நாலைந்துதான், வைக்கோல், வறுத்த கடலை, காய்ந்த அத்தி, தோல் இதையெல்லாம் சொல்வது மூக்கு. வாயில் இருக்கும் புகையில் கொஞ்சத்தை மூக்கு வழியாக மெதுவாக விட்டால் இலையின் குணம் தெரியும், கெட்ட இலையாக இருந்தால் சுரீரென்று ஏறி அங்கேயே சொல்லிவிடும். கிண்ணத்தை மேல், நடு, அடி என்று மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதுவேன். மேல் பாகத்தில் எல்லாக் கலவையும் அழகுதான். மேலே தெளித்த வாசனை அங்கே வேலை செய்கிறது. நடுவில் இலை தலை காட்டும். அடிப் பாகத்தில்தான் சூடும் தாரும் சேர்ந்துகொண்டு இலையின் முழு வண்டவாளமும் வரும். நல்ல வர்ஜீனியா அடியில் இன்னும் அடர்ந்து வெல்லப்பாகு மாதிரி ஆகும், மட்டமான இலை வெறும் கரியாகும். சாம்பலின் நிறத்தைப் பார்த்து மார்க் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு, நான் போடுவதில்லை, அதில் மண்ணின் தாதுக்களுக்கும் பங்கு இருக்கிறது.

இந்தக் கலவை 1.45-லும் நடுப்பகுதியில் பாதி வழியில் ஆளைக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. வெனிலா போனதும் எதுவுமே இல்லை, அப்புறம் அடியில் மூக்கைக் குத்தும் ஒரு நெடி. சரியான பதத்தில், சரியான வேகத்தில் பிடித்தும் இப்படியென்றால் இனி குறை என்னுடையதில்லை. ஆனால் மூன்று இலையில் எது?

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், மைசூரைத் தாண்டி ஹுன்சூர், பிரியாபட்டணா பக்கம் இலை தரம் பிரிக்கும் வேலையில் இருந்தவர், 1984-ல் கர்நாடகத்தில் புகையிலை வாரியத்தின் ஏலம் தொடங்கிய காலத்திலிருந்தே ஏலக்களத்தில் நின்றவர். பைப் பிடிக்கும் பழக்கமெல்லாம் அவருக்கு இல்லை. கலவையை ஒரு சிட்டிகை கையில் கொடுத்ததும் முகர்ந்துகூடப் பார்க்காமல் விரலால் விலக்கிக் கொண்டே இருந்தார். "கலந்ததைக் குடிச்சா என்ன தெரியும் தம்பி? பிரிச்சுப் போட்டு ஒவ்வொண்ணாக் குடிச்சுப் பாருங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க அதுதான் வேலை. வெள்ளை எனாமல் தட்டு, புருவம் எடுக்கும் இடுக்கி, ஜன்னல் வெளிச்சம். 10 கிராம் பிரிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. கறுப்பு 3.9, மஞ்சளும் செம்மஞ்சளும் 3.1, பளபளப்பில்லாத பழுப்பு 2.3, நடுநரம்புத் துண்டுகள் 0.6, தூள் 0.1. நரம்பு 6 சதவீதம் என்பதைப் பார்த்ததும் கோபம் வந்தது. இலையின் நடுவில் ஓடும் அந்தத் தண்டில் சுவை கிடையாது, ஈரத்தை வைத்துக்கொள்ளும், எரியாது, தீ அணைந்து அணைந்து போனதற்கு அது ஒரு காரணம். இன்னொரு 10 கிராமையும் பிரித்தேன், இரண்டாவது தடவையும் நரம்பு 0.5-க்குக் குறையவில்லை.

முதலில் மஞ்சள். வர்ஜீனியாவை ஐந்தாறு நாள் மூடிய சூட்டுக் கொட்டகையில், குழாய்ச் சூட்டில் பதப்படுத்துகிறார்கள், முதல் கட்டத்தில் இலை பச்சையிலிருந்து மஞ்சளாகும்போது உள்ளே இருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாகிறது, அந்த நேரத்தில் சூட்டை ஏற்றி இலையைக் காயவைத்துவிடுவதால் சர்க்கரை உள்ளேயே நின்றுவிடுகிறது. தனியாகப் பிடித்தபோது இது நல்ல இலை. வைக்கோல், எலுமிச்சைத் தோல், அடியில் சுத்தமான இனிப்பு. இவ்வளவு நல்ல இலை கலவைக்குள் இருந்தும் ஒரு நாளும் எனக்குத் தெரியவில்லையே என்று நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

கறுப்பு எதிர்பார்த்ததுதான். கேவண்டிஷ் என்பது ஒரு செடியின் பெயர் இல்லை, இலையை ஆவியில் வேகவைத்து, இனிப்பு சேர்த்து, அழுத்தி வைத்துக் கறுக்க வைக்கும் முறை. மென்மையாக இருக்கும், காரம் இருக்காது, மேலே எதைத் தெளித்தாலும் வாங்கிக்கொள்ளும். தனியாகப் பிடித்தபோது ஐந்து நிமிடம் வெனிலா, அப்புறம் வெதுவெதுப்பான காற்று. ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் இரண்டு நாள் திறந்து வைத்தேன், வெனிலா பாதிக்கு மேல் போய்விட்டது. ஆக அது இலைக்குள் ஊறிய வாசனை இல்லை, மேலே பூசியது. எங்கள் திண்டுக்கல் பக்கம் மெல்லும் புகையிலைக்குக் கருப்பட்டித் தண்ணீர் தெளித்து அடுக்கி வைப்பார்கள், அதில் ஊறல்தான் முக்கியம், நாள் விட்டு எடுத்தால் இலையும் இனிப்பும் ஒன்றாகியிருக்கும். இதில் அந்த ஊறல் இல்லை. என் மனைவி மட்டும் அன்றைக்குக் கதவைத் திறந்து, பேக்கரி மாதிரி வாசனை வருகிறதே, இதுதானே நல்ல இலை என்று கேட்டாள். பக்கத்தில் இருப்பவருக்கு வருகிற வாசனை ஒன்று, பிடிப்பவர் வாயில் நிற்பது வேறு, கடைக்காரர்கள் பெரும்பாலும் முதலாவதை வைத்துத்தான் விற்கிறார்கள்.

மூன்றாவது, பர்லி. குற்றவாளி அங்கேதான் இருந்தது. பர்லியை நிழல் கொட்டகையில் வாரக்கணக்கில் காற்றில் உலர்த்துகிறார்கள், அதற்குள் சர்க்கரை அநேகமாகத் தீர்ந்துவிடும். அதனால் அதன் புகை வர்ஜீனியா மாதிரி அமிலப் பக்கம் நிற்காமல் காரப் பக்கம் சாயும், நிகோட்டின் வாய்த்தோல் வழியாகவே சீக்கிரம் ஏறும். நல்ல பர்லியில் வறுத்த நிலக்கடலை, கோகோ வாசனை வரும், நான் விரும்பிப் பிடிக்கும் இலை அது. இதில் தீ வைப்பதற்கு முன்பே, உள்ளங்கையில் வைத்துச் சூடுபடுத்தி முகர்ந்தபோதே அமோனியா. வெனிலாவுக்கு அடியில் இத்தனை நாள் ஒளிந்திருந்த நெடி இதுதான். பிடித்தால் மூக்கில் ஊசி, தொண்டையில் அடைப்பு, பாதியில் வைத்துவிட்டேன். பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளங்கையில் கசக்கி ஒரே ஒரு தடவை முகர்ந்தார். "இலை மோசமில்லை. இது இன்னும் ஆறலை தம்பி, அவசரத்துல எடுத்துட்டான்" என்றார். உலர்ந்த பர்லியைக் கட்டி வைத்து ஊறவிடும்போது அமோனியா மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். அதற்குக் காலம் கொடுக்கவில்லை.

அன்றைக்கு அவரிடம் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊர்ப் பக்கம் உப்புக் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி விளைகிற இலை மெல்வதற்கு அருமையாக இருக்கிறதே, அதைப் புகைத்தால் ஏன் நிற்காமல் அணைகிறது என்று சின்ன வயதிலிருந்து ஒரு கேள்வி. குளோரைடு ஏறிய இலை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், எரியாது, பொட்டாசியம் இருந்தால் கனன்று நிற்கும். ஹுன்சூர் பக்கத்துச் செம்மண் இலை புகைக்க நன்றாக வருவதில் இதற்கும் பங்கு உண்டு என்றார். இலை எரிகிற விதத்திலேயே மண் தெரிகிறது என்பதை அதற்கப்புறம்தான் கவனிக்க ஆரம்பித்தேன்.

கடைசி மூன்று கிண்ணம் திரும்பக் கலந்து பார்த்தது. முதலாவது, நரம்பை மட்டும் எடுத்துவிட்டு அதே விகிதம். தீ ஐந்திலிருந்து மூன்றாகக் குறைந்தது, சுவை மாறவில்லை. இரண்டாவது, கறுப்பைப் பாதியாக்கியது. இங்கே நடுப்பகுதிக்கு உயிர் வந்தது, வர்ஜீனியாவின் இனிப்பு முதல் தடவையாகக் கடைசிவரை நின்றது, நெடியும் கொஞ்சம் கூடத் தெரிந்தது, ஆனாலும் மூன்றில் இதுதான் சிறந்தது. மூன்றாவது, கறுப்பே இல்லாமல் வர்ஜீனியா 60, பர்லி 40. இதைப் பிடிக்கவே முடியவில்லை, மூடி வைக்க ஆளில்லாமல் அமோனியா அப்படியே முகத்தில் அடித்தது. இந்தக் கலவையில் கறுப்பும் வெனிலாவும் இவ்வளவு ஏன் என்பது அந்தக் கிண்ணத்தில்தான் புரிந்தது. ஆறாத பர்லியை மூடத்தான் அவ்வளவு. அந்த மூடியின் கனத்தில் நல்ல வர்ஜீனியாவும் அடியில் போய்விட்டது. விற்றவர் ஆறு மாதம் பொறுத்திருந்தால் இது உண்மையிலேயே நல்ல கலவையாக வந்திருக்கும், அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆதங்கம்.

ஆகஸ்ட் கடைசியில் நண்பருக்குப் பதில் சொன்னேன். ஒரு பவுண்டு வேண்டாம். அதே கடையில் கலக்காத வர்ஜீனியா கிடைத்தால் 100 கிராம், எதுவும் தெளிக்காமல். பர்லி எடுப்பதானால் தம்பி உள்ளங்கையில் கசக்கிச் சூடாக்கி முகரட்டும், கண்ணைக் கரித்தால் வைத்துவிடட்டும். "நீங்க சொன்ன ஒரே வார்த்தை இவ்வளவு நீளமாண்ணே" என்று கேட்டார், ஆனால் அப்படியே தம்பிக்கு அனுப்பினார், செப்டம்பரில் 100 கிராம் வர்ஜீனியா மட்டும் வந்தது.

பிரித்ததில் மிஞ்சிய பர்லி 1.8 கிராமைக் காற்றுப் போகும்படி ஒரு சின்ன அட்டைப் பெட்டியில், தேதி எழுதி, புத்தக அலமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். மாதம் ஒரு முறை திறந்து உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறேன். அக்டோபரில் நெடி இருந்தது, டிசம்பரில் பாதி. போன ஞாயிறு முகர்ந்தபோது அமோனியா தெரியவில்லை, எங்கேயோ தூரத்தில் வறுத்த கடலை மாதிரி இருந்தது. ஒரு கிண்ணத்துக்குச் சரியாக இருக்கிறது, மார்ச்சில் காற்று காய்ந்ததும் பிடித்துப் பார்க்கிறேன்.